பாதத்தின் உள்பக்கம் ஏன் வலிக்கிறது?

மூணாறு கேரள மாநிலத்தில் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மலை ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்கின்றன.

ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா கொழுந்து எடுக்கிறார். வயது 42. இருபது வருடமாக இதே வேலை. ஆடி மாத மழையில் அவருடைய வலது காலில் வலி தொடங்கியது. குதிகாலில் இல்லை. விரலிலும் இல்லை. பாதத்தின் உள்பக்கம், நடுவில் வலித்தது.

காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் முதல் நாலு அடி வைக்க முடியாது. கொஞ்சம் நடந்தால் குறையும். சாயங்காலம் மறுபடி வரும். மூன்றாவது வாரம் அந்த இடத்தில் பாதிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. ரப்பர் பூட்ஸைப் போட்டால் அங்கேதான் இடித்தது. பூட்ஸைப் போடாமல் போனால் அட்டை கடிக்கும். என்ன செய்வது?

பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் பெண் கேட்டார்.

"என்னக்கா, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க?"

"நரம்பு பிசகிருச்சு போல, தங்கச்சி."

சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு தடவை போனார். அவர் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வழித்தார். வீக்கம் கூடியது. "எலும்பு வளருது. ஆபரேஷன் பண்ணாத்தான் சரியாகும்" என்று யாரோ சொன்னார்கள். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் கூலி போகும்? வீட்டை யார் பார்ப்பது?

அந்த அம்மாவுக்கு வந்தது நரம்புப் பிசகு இல்லை. எலும்பு புதிதாக வளரவும் இல்லை. என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தொட்டுப் பாருங்கள்

முதலில் ஒரு முக்காலியிலோ திண்ணையிலோ உட்காருங்கள். வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் வையுங்கள். கணுக்காலின் உள்பக்கம் உருண்டையாக ஓர் எலும்பு தெரியும். அதிலிருந்து பெருவிரல் பக்கமாக, கொஞ்சம் கீழே இறங்கி, இரண்டு விரல் அகலம் தள்ளித் தடவுங்கள். ஒரு சின்ன மேடு கையில் தட்டும்.

அதுதான் படகு எலும்பு. பார்க்கப் படகு போலக் குழிந்து இருப்பதால் அந்தப் பெயர். அந்த அம்மாவுக்கு வலித்தது அதன் மேல்தான்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52. நம் உடம்பு முழுவதிலும் இருப்பதே 206 எலும்புகள்தான். அதில் கால்வாசி பாதத்திலேயே இருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. பாதம் ஒரே கட்டையாக இருந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க முடியாது. சின்னச் சின்ன எலும்புகளாக இருப்பதால்தான் கல்லுக்கும் சேற்றுக்கும் ஏற்றபடி அது வளைந்து கொடுக்கிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். பாதத்தைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்த சிமெண்ட் தரையில் வையுங்கள். பலருக்கு உள்பக்கம் பதியாது. அங்கே பாதம் பாலம் போல வளைந்து இருக்கும். அந்த வளைவின் உச்சியில் இருப்பது படகு எலும்பு. சிலருக்குப் பாதம் முழுவதும் பதியும். அது தட்டைப் பாதம். தட்டைப் பாதம் என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். வலி இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் வேண்டியதில்லை.

கயிறும் கப்பியும்

பாலம் விழாமல் எது தாங்குகிறது? எலும்புகளை ஒன்றோடு ஒன்று கட்டும் நார்கள் தாங்குகின்றன. அவற்றோடு ஒரு முக்கியமான கயிறும் தாங்குகிறது.

கெண்டைக்காலின் ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது. அது கீழே வரவர வெள்ளைக் கயிறு போல ஆகிவிடும். இந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். இதைத்தான் ஊரில் பலரும் நரம்பு என்று சொல்கிறார்கள். நரம்பு வேறு. நரம்பு, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பி. தசைநாண், எலும்பை இழுக்கும் கயிறு. நரம்பு ஒன்றும் பிசகுவதில்லை.

கிணற்றில் கப்பி மேல் கயிறு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல இந்தத் தசைநாண் கணுக்காலின் உள்பக்க உருண்டைக்குப் பின்னால் வளைந்து வருகிறது. பிறகு முன்னால் வந்து படகு எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒரு நாளில் நாம் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! அத்தனை தடவையும் கயிறு இழுபடுகிறது.

இதற்குத் துணையாக இன்னொரு கயிறும் உண்டு. அது காலின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. பாதத்தை மேலே தூக்கிப் பாருங்கள். கணுக்காலின் முன்னால் தடியாக ஒன்று புடைத்து நிற்கும். அதுதான் அந்தத் தசைநாண். அது பாதத்தின் உள்பக்கம் இறங்கி, படகு எலும்புக்குச் சற்று முன்னால் ஒட்டிக்கொள்கிறது. இறக்கத்தில் நடக்கும்போது பாதம் தொப்பென்று விழாமல் பிரேக் போடுவது இதுதான்.

ஆக, உள்ளங்கை அளவு கூட இல்லாத ஓர் இடத்தில் இரண்டு கயிறுகள் வந்து முடிகின்றன.

உடம்புக்குள் ஒரு சுருக்குப்பை

கயிறு எலும்பில் உரசினால் தேய்ந்துவிடும். அதற்கு உடம்பே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய பைகளை வைத்திருக்கிறது. பைக்குள்ளே வழவழப்பான நீர் கொஞ்சம் இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவை விரலால் தொட்டால் எப்படி வழுக்கும்? அப்படித்தான் அதுவும். இந்தப் பைகளால்தான் உராய்வு குறைகிறது.

டாக்டர்கள் இதை பர்சா என்று சொல்வார்கள். லத்தீன் மொழியில் அதற்குப் பை என்று பொருள். நாம் பணம் வைக்கும் பர்ஸ் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். பாட்டிமார் இடுப்பில் செருகி வைக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால், தோள், முழங்கை, இடுப்பு என்று உடம்பில் ஏறக்குறைய 150 சுருக்குப்பைகள் இருக்கின்றன. நல்ல நிலையில் அவை இருப்பதே தெரியாது.

பிறக்கும்போது இல்லாத இடத்திலும் இப்படிப் பை உருவாகும். செருப்போ பூட்ஸோ ஓர் எலும்பு மேட்டை நாள்தோறும் உரசினால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உடம்பு புதிதாக ஒரு பையைச் செய்துகொள்ளும்.

உராய்வு அளவுக்கு மீறினால் பை எரிச்சல் அடையும். உள்ளே நீர் கூடுதலாகச் சுரக்கும். பை வீங்கும். வீங்கிய பை இன்னும் அதிகமாக உரசும். அதனால் இன்னும் வீங்கும். வலி இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பல பேருக்குப் பை மட்டும் கெடுவதில்லை. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடமும் நைந்துபோய் இருக்கும்.

சுளுக்கு வழித்தபோது அந்த அம்மாவுக்கு வீக்கம் ஏன் கூடியது என்று இப்போது புரியும். ஏற்கெனவே உரசி வீங்கிய பை அது. அதன் மேல் கட்டை விரலால் இன்னும் உரசினார்கள். எண்ணெய் மேல் தப்பில்லை. அழுத்தியதுதான் தப்பு.

வலது காலில் மட்டும் ஏன்?

மலைச்சரிவில் குறுக்காக நடப்பதை நினைத்துப் பாருங்கள். மேட்டுப் பக்கம் ஒரு கால், பள்ளத்துப் பக்கம் ஒரு கால். மேட்டுப் பக்கத்துக் காலில் பாதத்தின் வெளிப்பக்கம் உயர்ந்தும் உள்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். பாதம் உள்பக்கமாகச் சாயும். வளைவு அமுங்கும். கயிறு முழுப் பலத்தோடு இழுக்க வேண்டி வரும்.

அந்த அம்மா எடுத்த நிரைகளில் மேடு பெரும்பாலும் வலது பக்கம் இருந்தது. அதனால் அடி வாங்கியது வலது கால். முதுகில் கொழுந்துச் சுமை வேறு. மழையில் வழுக்காமல் இருக்கப் பாதத்தை இறுக்கி இறுக்கி ஊன்ற வேண்டும். பூட்ஸும் பழசு. உள்ளே அடிப்பாகம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. மடிப்பு விழுந்த இடம் சரியாகப் படகு எலும்பின் மேல் உரசியது.

தோட்ட வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று இல்லை. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு வரும். திடீரென்று ஓடப் பழகுபவர்களுக்கு வரும். வயது நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும், உடம்பு எடை கூடியவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அந்தத் தசைநாண் சீக்கிரம் நையும். ரப்பர் செருப்பின் வார் பாதத்தின் உள்பக்கத்தில் செருகப்பட்டிருக்கும் அல்லவா? சிலருக்கு அந்த வார் உரசியே வலி வருகிறது.

ஆஸ்பத்திரியில் நடந்தது

ஆவணி மாதம் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் பேசினார். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். அந்த அம்மா வலியோடு தூக்கிவிட்டார்.

"நல்லது. தசைநாண் அறுந்து போகலை" என்றார் டாக்டரம்மா.

இது முக்கியமான சோதனை. தசைநாண் மிகவும் நைந்து போனவர்களால் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியாது. அவர்களுடைய பாதத்தின் வளைவு மாதா மாதம் தாழ்ந்துகொண்டே போகும். பின்னால் நின்று பார்த்தால், கால் விரல்கள் வெளிப்பக்கமாக வழக்கத்தைவிட அதிகம் தெரியும். அப்படிப்பட்டவர்கள் தாமதம் செய்யக் கூடாது. விட்டுவிட்டால் தட்டையான பாதம் அப்படியே இறுகிவிடும்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். படகு எலும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொரு எலும்பு தெரிந்தது. அந்த அம்மா பயந்துவிட்டார்.

"அப்ப எலும்பு வளர்ந்தது நிஜம்தானா, டாக்டரம்மா?"

"இது இப்ப வளர்ந்ததில்லை. சின்ன வயசிலேருந்து உங்க கூடவே இருக்கு. இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு இந்தத் துணை எலும்பு உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது. ஆனால் பாதத்தின் உள்பக்கம் மேடு கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் பூட்ஸ் அதிகமாக உரசும். சிலருக்குத் தசைநாண் அந்தத் துணை எலும்பில்தான் ஒட்டியிருக்கும். அடிபட்டாலோ வேலை கூடினாலோ அந்த இடம் புண்ணாகும். ஓடி ஆடும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இப்படி வலி வருவது உண்டு. பிள்ளை நொண்டினால், விளையாடப் போகாமல் இருக்க நடிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். சுருக்குப்பையும் தசைநாணும் சரியாகத் தெரியாது. அவற்றைப் பார்க்க ஸ்கேன் வேண்டும். எல்லாருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. இந்த அம்மாவுக்கும் தேவைப்படவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

என்ன வைத்தியம்?

முதல் மருந்து ஓய்வு. இதைச் சொல்வது சுலபம். தினக்கூலிக்காரர்கள் எப்படி ஓய்வெடுப்பது? டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சரிவில் நடக்காத வேலையாக ஆறு வாரத்துக்குக் கொடுக்கச் சொல்லி அதில் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் முதலில் முனகினார். பிறகு நர்சரியில் நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் வேலை கொடுத்தார். எல்லா இடத்திலும் இப்படிக் கிடைக்காதுதான். ஆனாலும் டாக்டரிடம் சீட்டுக் கேட்டு வாங்கலாம். கையில் எழுத்து இருந்தால் பேச முடியும்.

வீக்கம் இருக்கும்போது குளிர்ச்சி நல்லது. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. லயத்து வீட்டில் ஐஸுக்கு எங்கே போவது? ஈரத்துணி போதும். மூணாறு தண்ணீரே ஐஸ்தான். ஆனால் காலில் மரமரப்பு உள்ளவர்கள், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்கள், ஐஸும் வைக்கக் கூடாது, வெந்நீரும் ஊற்றக் கூடாது. சுட்டாலும் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது செருப்பு. பாதத்தின் வளைவுக்குக் கீழே தாங்கல் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தாங்கல் அட்டையைப் பூட்ஸுக்குள் வைக்கலாம். வீட்டுக்குள் சிமெண்ட் தரையிலும் செருப்போடு நடக்கலாம். மேட்டில் உரசாமல் இருக்க ஒரு வழி உண்டு. தடித்த ஸ்பாஞ்சை எடுங்கள். நடுவில் வீக்கத்தின் அளவுக்கு ஓட்டை போடுங்கள். மெதுவடை போல இருக்கும். வீக்கம் ஓட்டைக்குள் வரும்படி வைத்துக் கட்டுங்கள். பலர் பஞ்சை வீக்கத்தின் மேலேயே வைத்துக் கட்டுகிறார்கள். அப்போது பூட்ஸ் அந்தப் பஞ்சை அழுத்தும், பஞ்சு வீக்கத்தை அழுத்தும்.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

"ஒரு ஊசி போட்டா உடனே சரியாகிரும்னு சொல்றாங்களே?" என்று அந்த அம்மா கேட்டார். வீங்கிய பைக்குள் போடும் ஊசி ஒன்று உண்டு. வலி சீக்கிரம் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மருந்து தசைநாணைப் பலவீனப்படுத்தும். உடம்பைத் தாங்கும் கயிறு அறுந்து போகவும் கூடும். அதனால் இந்த இடத்தில் அதைப் போட டாக்டர்கள் யோசிப்பார்கள். அடிக்கடி ஊசி போட்டு அடிக்கடி வலியை மறைக்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பதே மேல்.

வலி குறைந்ததும் பயிற்சி தொடங்க வேண்டும். பழைய சைக்கிள் டியூப் ஒன்று போதும். டியூபின் ஒரு முனையை, வலிக்கும் காலுக்கு வெளிப்பக்கமாக இருக்கும் கட்டில் காலில் கட்டுங்கள். மறு முனையைப் பாதத்தில் மாட்டுங்கள். பாதத்தை மெதுவாக உள்பக்கம் இழுங்கள், மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை செய்தால் போதும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படும்படி அரை நிமிடம் நிற்பதும் நல்லது. கெண்டைக்கால் இறுக்கம் குறைந்தால் பாதத்தின் மேல் இழுப்பும் குறையும். சில வாரம் போனதும், சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் சேர்த்துத் தூக்கி இறக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால், முதல் நாள் செய்தது அதிகம் என்று பொருள். குறைத்துக்கொள்ளுங்கள்.

குணமாக ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். இதில் அடங்காத சிலருக்குச் சில வாரம் மாவுக்கட்டுப் போடுவார்கள். ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான் தேவைப்படும்.

முன்பக்கக் கயிறு ஒட்டும் இடத்தில் வலி என்றால் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். வலி படகு எலும்புக்கு முன்னால் இருக்கும். இறக்கத்தில் அதிகம் தெரியும். சிலருக்கு ராத்திரியில் எரிச்சலோடு வரும். அவர்கள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டாமல் இருப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத வலி

பாதத்தின் உள்பக்கம் வலிப்பதெல்லாம் சுருக்குப்பை வலி ஆகாது. வீக்கம் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். வாரக்கணக்கில் வீக்கம் வற்றாமல், உடம்பு இளைத்து, சாயங்காலம் காய்ச்சல் அடித்தால் எலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பாதம் திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கும், ஆனால் வலி அதிகம் இருக்காது. வலி இல்லையே என்று நடந்துகொண்டே இருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் உருவமே மாறிவிடும். வலி இல்லாத வீக்கம்தான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

மறுபடியும் சரிவில்

ஐப்பசியில் அந்த அம்மா மறுபடியும் கொழுந்து எடுக்கப் போனார். முதல் வாரம் அரை நாள்தான். வலி முழுவதும் போகவில்லை. காலையில் கொஞ்சம் இருக்கும். ஆனால் இழுத்து நடப்பதில்லை.

இப்போது அவர் நிரையில் ஒரே பக்கமாகப் போவதில்லை. காலையில் வலது கால் மேட்டுப் பக்கம் இருந்தால், மதியத்துக்கு மேல் திரும்பி வருவார். அப்போது இடது கால் மேட்டுப் பக்கம் வரும். பக்கத்து நிரைப் பெண் இதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"என்னக்கா, எல்லாரும் ஒரு பக்கம் போனா நீங்க ஒரு பக்கம் போறீங்க?"

"வலது காலுக்கு அரை நாள் லீவு குடுத்திருக்கேன், தங்கச்சி."